ஒரு முட்டையா, இரண்டு முட்டையா? இரட்டையர் பற்றி இதெல்லாம் தெரியுமா?

பெர்லினில் காடேவே என்று ஒரு பிரம்மாண்டமான அங்காடி இருக்கிறது. 2009 ஜனவரியில் ஓர் இரவு, முகமூடி போட்ட மூன்று பேர் அதற்குள் இறங்கி, பல லட்சம் யூரோ பெறுமானமுள்ள நகைகளை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போனது ஒரு ரப்பர் கையுறை. அதில் ஒட்டியிருந்தது ஒரு துளி வியர்வை. அந்த வியர்வையிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்துக் காவல் துறையின் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். ஆள் கிடைத்துவிட்டார்! ஆனால் ஒருவர் அல்ல, இரண்டு பேர். அச்சு அசலான இரட்டைச் சகோதரர்கள். இருவரில் ஒருவராவது உள்ளே போயிருக்க வேண்டும் என்பது தெரிந்தது. எவர் என்று சொல்ல அன்றைய சோதனையால் முடியவில்லை. மார்ச் மாதம் இருவரையும் விடுவித்துவிட்டார்கள்!

டி.என்.ஏ. சோதனையையே திணறடிக்கும் இந்த ஒற்றுமை எப்படி உண்டாகிறது தெரியுமா? ஒரே சாயலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே கருவிலிருந்து வந்தவர்கள்தானா? சாயல் மாறினால் வேறு வேறு கருவா? இங்கேதான் நம்மில் பெரும்பாலானோர், ஏன், இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றெடுத்த தாய்மார்களிலேயே பலர், தவறான பதிலை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பெரும்பாலும் பிரசவ அறையிலிருந்தே வருகிறது!

அடிப்படைக் கணக்கு எளிது. மாதத்துக்கு ஒரு கருமுட்டை வெளிவருவதுதான் வழக்கம். எப்போதாவது ஒரே சமயத்தில் இரண்டு முட்டைகள் வெளிவந்து, இரண்டோடும் தனித்தனி விந்தணுக்கள் சேர்ந்தால் இரு கரு இரட்டையர். மரபணுக் கணக்கில் இவர்கள் சாதாரண அண்ணன் தங்கை, அக்கா தம்பிதான். சராசரியாகப் பாதி ஒற்றுமை. ஒன்று ஆண், ஒன்று பெண் என்று பிறப்பது இவர்களுக்குள் சர்வ சாதாரணம். ஒன்று அப்பா சாடை, ஒன்று அம்மா சாடை என்று வருவதும் அப்படியே.

இன்னொரு வகை, ஒரு கரு இரட்டையர். ஒரே முட்டை, ஒரே விந்தணு, ஒரே கரு. அது வளரத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களுக்குள் எதனாலோ இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஏன் பிரிகிறது என்பதற்கு மருத்துவ உலகில் இன்றுவரை உறுதியான விடை கிடையாது! பரம்பரையாக வருவதாகவும் பொதுவாகத் தெரியவில்லை. இதில் ஒரு வியப்பு பாருங்கள். ஒரு கரு இரட்டையர் பிறக்கும் விகிதம் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒன்றேதான், ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் 4. ஜப்பானானாலும் நைஜீரியாவானாலும் நம் தஞ்சாவூரானாலும் இந்தக் கணக்கு பெரிதாக அசைவதில்லை. நாட்டுக்கு நாடு பல மடங்கு ஏறி இறங்குவது இரு கரு இரட்டையரின் எண்ணிக்கைதான்.

டி.என்.ஏ. என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்தில் இந்த இரண்டு வகையையும் எண்ணிக் காட்டிய ஒருவர் இருந்தார் தெரியுமா? ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க். ஆண்டு 1901. ஒரு குழந்தையையும் சோதிக்கவில்லை. வெறும் பிறப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு யோசித்தார். தனித்தனி கருவென்றால் ஆணும் பெண்ணுமாகப் பிறக்க ஏறக்குறைய பாதி வாய்ப்பு. எனவே ஆணும் பெண்ணுமான ஜோடிகளை எண்ணி, அதை இரண்டால் பெருக்கினால் இரு கரு இரட்டையரின் மொத்தம் வந்துவிடும். மிச்சம் இருப்பவர்கள் ஒரு கரு இரட்டையர். இவ்வளவுதான்! ஒரு பேனாவும் ஒரு பதிவேடும் போதுமாயிருந்த இந்தக் கணக்கை மக்கள்தொகை ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

எந்த நாள் பிரிந்தது?

ஒரு கரு இரட்டையருக்குள்ளேயே நான்கு வகை உண்டு. எல்லாம் கரு எந்த நாளில் பிரிந்தது என்பதைப் பொறுத்தது என்கிறது மருத்துவம். சில நாள் வித்தியாசம், வாழ்க்கையே மாறிவிடுகிறது!

கருவான முதல் மூன்று நாட்களுக்குள் பிரிந்தால், ஆளுக்கொரு நஞ்சுக்கொடி, ஆளுக்கொரு பனிக்குடம். ஒரு கரு இரட்டையரில் நூற்றுக்கு 25 முதல் 30 ஜோடிகள் இப்படி. நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் பிரிந்தால் நஞ்சுக்கொடி பொதுவானதாகிவிடும், பனிக்குடம் மட்டும் தனித்தனி. பெரும்பாலானவர்கள், அதாவது நூற்றுக்கு 70 பேர் போல, இந்த வகைதான். எட்டாம் நாளைத் தாண்டிப் பிரிந்தால் பனிக்குடமும் ஒன்றாகிவிடுகிறது. இரண்டு சிசுக்களும் ஒரே நீரில் மிதக்கும், இரண்டு தொப்புள்கொடிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. இது மிக அரிது, நூறில் ஒன்றிரண்டு ஜோடிதான். பதின்மூன்றாம் நாளுக்குப் பிறகு பிரியத் தொடங்கினால் பிரிவு முழுமை அடைவதில்லை. அவர்கள்தான் ஒட்டிப் பிறக்கும் இரட்டையர்.

ஒட்டிப் பிறந்தவர்கள் என்றதும் உலகம் நினைப்பது சாங், எங் சகோதரர்களை. 1811-இல் அன்றைய சயாமில், இன்றைய தாய்லாந்தில், பிறந்தவர்கள். மார்பின் அடிப்பகுதியில் ஒரு தசைப்பட்டையால் இணைந்திருந்தார்கள். அதற்குள் இருவரின் கல்லீரலும் ஒட்டியிருந்தது. அமெரிக்காவுக்குப் போய்க் காட்சி நடத்திச் சம்பாதித்து, வட கரோலினாவில் நிலம் வாங்கி விவசாயிகளானார்கள். அக்கா தங்கை இருவரை மணந்துகொண்டார்கள். இரண்டு வீடு, மூன்று நாள் இவர் வீட்டில், மூன்று நாள் அவர் வீட்டில். இருவருக்குமாக 21 பிள்ளைகள்! 1874 ஜனவரியில் ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் இருவரும் இறந்துபோனார்கள். கண்காட்சிப் பொருளாகக் கூட்டிப்போன உலகத்தில் நிலமும் குடும்பமுமாகத் தலை நிமிர்ந்து வாழ்ந்து காட்டியதுதான் அவர்கள் கதையிலேயே பெரிய அதிசயம் என்பேன்.

இரண்டாகத்தான் பிரிய வேண்டுமா? 1934-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் பிறந்த டியோன் சகோதரிகள் ஐந்து பேரும் ஒரே கருவிலிருந்து வந்தவர்கள்! உலகில் முதன்முதலாகப் பிழைத்து வளர்ந்த ஐவர் என்று பதிவானவர்கள் அவர்களே. விலங்குகளில் ஒன்பது பட்டை ஆர்மடில்லோ என்ற ஓடு போர்த்திய பிராணி இன்னும் ஒரு படி மேல். ஒரே கரு நான்காகப் பிரிந்து, ஒவ்வொரு பேற்றிலும் ஒரே அச்சான நான்கு குட்டிகளை ஈனுவதுதான் அதற்கு இயல்பே!

நஞ்சுக்கொடி சொல்லும் பொய்

இப்போது அந்தப் பெரிய தவறுக்கு வருவோம். குழந்தைகள் பிறந்ததும் நஞ்சுக்கொடியைப் பார்க்கிறார்கள். "ரெண்டு நஞ்சுக்கொடி இருந்துச்சும்மா, அதனால ரெண்டும் வேற வேற கரு" என்று யாரோ சொல்கிறார்கள். தாய் அதை வாழ்நாள் முழுக்க நம்புகிறாள். பிள்ளைகள் வளர வளர ஒரே அச்சாக நிற்கிறார்கள். ஆசிரியர் பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார், பாட்டி ஒருவனுக்கே இரண்டு முறை சோறு ஊட்டுகிறாள். ஆனாலும் "டாக்டர் சொன்னாரே" என்ற ஒரு வார்த்தை நிலைத்துவிடுகிறது.

மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். ஒரு கரு இரட்டையரில் நாலில் ஒரு ஜோடிக்கு மேல் இரண்டு நஞ்சுக்கொடியோடுதான் வருகிறார்கள்! இரண்டு இருந்தால் வேறு வேறு கரு என்று அடித்துச் சொல்லவே முடியாது.

இதன் மறுபக்கமும் உண்டு. இரு கரு இரட்டையரின் இரண்டு நஞ்சுக்கொடிகளும் கருப்பைக்குள் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்து, விளிம்புகள் சேர்ந்து, பிறக்கும்போது பார்வைக்கு ஒன்றாகவே இருப்பதுண்டு. "ஒரே நஞ்சுக்கொடி, ஒரே கரு" என்று அங்கே சொல்லிவிடுகிறார்கள். அதுவும் பொய்!

அப்படியானால் நஞ்சுக்கொடி எதையுமே சொல்லாதா? சொல்லும், எங்கே பார்ப்பது என்று தெரிந்தவருக்கு. இரண்டு பனிக்குடங்களுக்கும் நடுவே ஒரு சவ்வு இருக்கிறது அல்லவா, அதைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிசுவையும் சுற்றி உள்ளே ஒரு மெல்லிய உறை, அம்னியான். அதற்கு வெளியே தடித்த இன்னோர் உறை, கோரியான். நஞ்சுக்கொடிகள் தனித்தனியாக உருவாகியிருந்தால், அவை பிறகு சேர்ந்துபோனாலும், நடுச் சவ்வில் நான்கு அடுக்குகள் இருக்கும். இந்தப் பக்கத்து அம்னியான், கோரியான், அந்தப் பக்கத்து கோரியான், அம்னியான். சவ்வு தடிப்பாக, கலங்கலாக இருக்கும், எளிதில் உரிந்து வராது. நஞ்சுக்கொடி உண்மையிலேயே ஒன்றென்றால் நடுவில் இரண்டே அடுக்கு, இரண்டும் அம்னியான். சின்ன வெங்காயத்தின் உள்தோல் போல, விரல் தெரியும் அளவுக்கு மெல்லியதாக, இழுத்தால் சுத்தமாகப் பிரிந்துவிடும். உண்மையான ஒரே நஞ்சுக்கொடி என்று தெரிந்துவிட்டால் அவர்கள் ஒரு கரு இரட்டையர் என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லிவிடலாம்.

ஆக, உறுதியான பதில்கள் இவைதான். ஆணும் பெண்ணுமா? மிக மிக அரிதான விதிவிலக்குகளை விட்டால், இரு கரு. உண்மையிலேயே ஒரே நஞ்சுக்கொடியா? ஏறக்குறைய நிச்சயமாக ஒரு கரு. ரத்த வகை வேறா? இரு கரு. இரண்டு நஞ்சுக்கொடி, ஒரே பாலினம், ஒரே ரத்த வகை என்றால் கண்ணால் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து டி.என்.ஏ. பார்த்தால்தான் தெரியும்.

மாட்டுத் தொழுவத்திலிருந்து ஒரு நோபல் பரிசு!

இரட்டையரைப் பிரித்தறியும் முயற்சி ஒரு நோபல் பரிசில் போய் முடிந்தது தெரியுமா? எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான்.

இரண்டாம் உலகப் போரில் தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் ஒட்டும் சிகிச்சையை ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் அறிவியலாளர் பீட்டர் மெடவார். இன்னொருவர் தோலை வைத்து ஒட்டினால் உடல் அதைச் சில நாட்களில் தள்ளிவிடுகிறது என்பதைக் கண்டவர் அவர். போருக்குப் பிறகு கால்நடை ஆராய்ச்சியாளர் ஒருவர் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். இரட்டைக் கன்றுகளில் ஒரு கரு எது, இரு கரு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெடவாருக்கு இது மிகச் சுலபமாகத் தோன்றியது. ஒரு கன்றின் தோலை எடுத்து இன்னொன்றுக்கு ஒட்டிப் பாருங்கள், ஒட்டிக்கொண்டால் ஒரு கரு, தள்ளிவிட்டால் இரு கரு.

சக ஆய்வாளர் ரூபர்ட் பில்லிங்ஹாமுடன் மெடவாரே தொழுவத்துக்குப் போய்ச் செய்து பார்த்தார். என்ன ஆயிற்று தெரியுமா? ஏறக்குறைய எல்லாமே ஒட்டிக்கொண்டன! ஒன்று காளைக்கன்று, ஒன்று கிடாரி, இரு கரு என்பதில் சந்தேகமே இல்லாத ஜோடியில்கூட ஒட்டிக்கொண்டது. சோதனை படுதோல்வி. ஆனால் ஏன்?

விடையின் ஒரு துண்டு அமெரிக்காவில் ரே ஓவன் என்பவரிடம் ஏற்கெனவே இருந்தது. மாடுகளில் இரட்டைக் கன்றுகளின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்கள் தாயின் வயிற்றிலேயே இணைந்துவிடுகின்றன, ஒன்றின் ரத்தம் இன்னொன்றுக்குள் போய்த் தங்கிவிடுகிறது என்று 1945-இல் அவர் எழுதியிருந்தார். பிறக்கும் முன்பே அறிமுகமான அந்நிய செல்லை உடல் பிறகு அந்நியமாகப் பார்ப்பதில்லை! இந்த ஒரு வரி உண்மையிலிருந்துதான் உடல் எதைத் தன்னுடையதாக ஏற்கக் கற்றுக்கொள்கிறது என்ற ஆராய்ச்சியே கிளைத்தது. 1960-இல் மெடவாருக்கும் ஆஸ்திரேலியாவின் மெக்ஃபர்லேன் பர்னெட்டுக்கும் நோபல் பரிசு.

காளைக்கன்றோடு சேர்ந்து பிறக்கும் கிடாரி பெரும்பாலும் சினை பிடிக்காது என்று மாடு வளர்ப்பவர்கள் சொல்வதும் இந்த ரத்தக் கலப்பால்தான். மனிதர்களுக்கு இது பொருந்தாது. ஆணோடு இரட்டையாகப் பிறந்த பெண்ணுக்குக் குழந்தைப் பேற்றில் எந்தக் குறையும் வருவதில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மனிதர்களிடம் ரத்தக் கலப்பு நடப்பதே இல்லையா? நடக்கிறது! 1953-இல் பிரிட்டனில் 25 வயதுப் பெண் ஒருவர் ரத்த தானம் செய்ய வந்தார். பரிசோதித்தால் ஓ வகையும் இருக்கிறது, ஏ வகையும் இருக்கிறது. ஒரே உடம்பில் இரண்டு ரத்தம்! திகைத்துப் போனவர்கள் கடைசியில் அவரிடம் கேட்ட கேள்வி, "நீங்கள் இரட்டையரில் ஒருவரா?" ஆமாம். கூடப் பிறந்த தம்பி மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டான். கால் நூற்றாண்டு கழிந்தும் அவனுடைய ரத்த அணுக்கள் அக்காவின் உடலில் உற்பத்தியாகிக்கொண்டே இருந்தன! பிறகு நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் இரட்டையர் ஜோடிகளில் நூற்றுக்கு 8-இல் இப்படிச் சிறிதளவு கலப்பு தென்பட்டது.

தோல் ஒட்டும் அந்தச் சோதனை மாட்டிடம் தோற்றாலும் மனிதனிடம் ஓர் உயிரைக் காப்பாற்றியது. 1954, அமெரிக்காவின் பாஸ்டன். 23 வயது ரிச்சர்ட் ஹெரிக்குக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று முன்வந்தவர் இரட்டைச் சகோதரர் ரொனால்டு. உலகில் அதுவரை எந்தச் சிறுநீரக மாற்றும் நிலைத்து வென்றதில்லை. இவர்கள் உண்மையிலேயே ஒரு கரு இரட்டையராக இருந்தால் மட்டுமே நம்பிக்கை. டாக்டர் ஜோசஃப் மரே குழு ரத்தம் பார்த்தது, காவல் நிலையத்துக்கு அனுப்பிக் கைரேகை எடுத்தது, கடைசியாக ஒருவர் தோலின் சிறு துண்டை மற்றவருக்கு ஒட்டிவிட்டுக் காத்திருந்தது. ஒட்டிக்கொண்டது! டிசம்பர் 23 அன்று ஐந்தரை மணி நேர அறுவை. ரிச்சர்ட் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார், தன்னைக் கவனித்துக்கொண்ட செவிலியரையே மணந்தார், இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையானார். சிறுநீரகம் தந்த ரொனால்டு 79 வயதுவரை இருந்தார். இன்று உலகெங்கும் நடக்கும் உறுப்பு மாற்று சிகிச்சைகளுக்கெல்லாம் தொடக்கம் அந்த இரண்டு சகோதரர்கள்.

மூன்றாவதாகவும் ஒரு வகை!

ஒரு கரு, இரு கரு. இரண்டே வகைதான் என்று நினைத்திருந்தோம். 2014-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கர்ப்பிணி ஒருவருக்கு ஆறாவது வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். ஒரே நஞ்சுக்கொடி, ஆகவே ஒரு கரு. பதினான்காவது வாரம் மறுபடியும் ஸ்கேன். ஒன்று ஆண், ஒன்று பெண்! இரண்டு உண்மையும் ஒன்றுக்கொன்று முரண். டி.என்.ஏ. பார்த்தபோது தாய் வழி மரபணு இருவருக்கும் நூற்றுக்கு நூறு ஒன்று. தந்தை வழியில் மட்டும் 78 சதவீதமே ஒற்றுமை. ஒரே முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் ஒரே நேரத்தில் நுழைந்திருக்கின்றன. அப்படி நுழைந்தால் அந்தக் கரு பிழைக்காது என்பதே விதி. இந்தக் கருவோ மூன்று பங்காக வந்த மரபுப் பொருளைச் சரியாகப் பிரித்துக்கொண்டு, பிழைத்து, இரண்டாகவும் பிரிந்திருக்கிறது! 2007-இல் அமெரிக்காவில் பதிவானது முதல் ஜோடி, 2019-இல் மருத்துவ இதழில் வெளியான இந்தக் குழந்தைகள் இரண்டாவது. வேறு யாரேனும் இருக்கிறார்களா என்று 968 இரு கரு ஜோடிகளின் தகவலை அந்த ஆய்வாளர்கள் அலசினார்கள். ஒருவர்கூட இல்லை.

இரட்டையருக்கு இரண்டு தந்தையர் இருக்க முடியுமா? முடியும். ஒரே மாதத்தில் வெளிவந்த இரண்டு முட்டைகள் வெவ்வேறு ஆண்களின் விந்தணுக்களால் கருவானதை மருத்துவம் பலமுறை பதிவு செய்திருக்கிறது. தெருநாய் ஒரே ஈற்றில் ஈனும் குட்டிகளுக்கு இது வெகு சாதாரணம்.

சங்கர் இயக்கிய 'ஜீன்ஸ்' படத்தில் இரட்டை மகன்களுக்கு இரட்டைப் பெண்களைத்தான் கட்டி வைப்பேன் என்று ஓர் அப்பா பிடிவாதம் பிடிப்பார், நினைவிருக்கிறதா? நிஜத்தில் அப்படி ஒரு கரு அண்ணன் தம்பியும் ஒரு கரு அக்கா தங்கையும் மணந்துகொண்டால், அவர்கள் பிள்ளைகள் உறவு முறைக்குப் பெரியப்பா, சித்தப்பா மக்கள். மரபணுவைக் கேட்டால் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த உடன்பிறப்புகள்!

யாருக்கு இரட்டைப் பிள்ளை பிறக்கும்?

ஒட்டிய வாழைப்பழத்தைச் சாப்பிட்டால் பிறக்கும் என்று பாட்டிமார் சொல்வார்கள். எத்தனை வீடுகளில் அந்தப் பழத்தைப் பெண் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி வைத்திருப்பார்கள்! அதில் துளியும் உண்மை இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம்.

உண்மையில் இரண்டு முட்டை வெளிவருவதைத் தூண்டுவது மூளையடியில் சுரக்கும் ஒரு ஹார்மோன். 35 வயதைக் கடக்கும்போது அது கூடுகிறது, அதனால் அந்த வயதுத் தாய்மார்களுக்கு வாய்ப்பு அதிகம். பல பிள்ளை பெற்றவர்களுக்கும் உயரமானவர்களுக்கும் சற்று அதிகம். கருத்தரிப்பு மருந்துகளும் சோதனைக் குழாய் முறையும் பெரிய காரணம். உலக அளவில் 1980-களின் தொடக்கத்தில் ஆயிரம் பிரசவத்துக்கு 9 ஆக இருந்த இரட்டைப் பேறு, 2010-15-இல் 12 ஆகிவிட்டது. இன்று பிறக்கும் 42 குழந்தைகளில் ஒன்று இரட்டையரில் ஒன்று!

பரம்பரையும் உண்டு, ஆனால் தாய் வழியில்தான் அது வேலை செய்யும். மாப்பிள்ளை வீட்டில் இரட்டையர் நிறைய என்றால் அதனால் அவர் மனைவிக்கு இரட்டை பிறக்காது. முட்டை மாப்பிள்ளையுடையது அல்லவே! ஆனால் அவர் அந்த மரபணுவைத் தன் மகளுக்குத் தரலாம். தாத்தா வழியாகப் பேத்திக்கு இரட்டை என்பது இப்படித்தான்.

நைஜீரியாவின் இக்போ-ஓரா நகரம் இரட்டையர் தலைநகர் என்றே பெயர் வாங்கியது. அந்த வட்டாரத்து யொருபா மக்களிடம் ஆயிரம் பிரசவத்துக்கு 45 முதல் 50 வரை இரட்டைப் பேறு என்று 1970-களின் ஆய்வு சொன்னது. அவர்கள் மரபில் இரண்டாவதாக வெளியே வரும் குழந்தைதான் மூத்தது. முதல் குழந்தையை உலகம் எப்படியிருக்கிறது என்று பார்த்துவர அதுதான் அனுப்பி வைத்ததாம்! நமக்குப் பக்கத்திலேயே கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கொடிஞ்ஞி இருக்கிறது. ஏறத்தாழ 2,000 குடும்பங்கள் வாழும் ஊரில் 200-க்கும் மேற்பட்ட இரட்டை ஜோடிகள். எச்சிலும் முடியும் எடுத்துச் சோதித்துவிட்டார்கள், காரணம் இன்னும் பிடிபடவில்லை.

அச்சு அசலா? அசலிலும் வித்தியாசம் உண்டு!

ஒரு கரு இரட்டையருக்கும் கைரேகை வேறு வேறு. விரல் நுனி உருவாகும் மாதங்களில் கருப்பைக்குள் ஒவ்வொன்றும் கிடந்த விதமும் பட்ட அழுத்தமும் அந்தக் கோடுகளை மாற்றிவிடுகின்றன. கருவிழியின் வடிவமும் அப்படியே. சிலர் கண்ணாடி இரட்டையர். ஒருவருக்குத் தலைச்சுழி வலப்பக்கம் திரும்பினால் மற்றவருக்கு இடப்பக்கம். ஒருவர் வலக்கை, மற்றவர் இடக்கை.

2011-இல் செக் நாட்டில் காவல் துறையின் பத்து ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும் ஒரு கரு இரட்டையரின் வாசனையைப் பிரித்தறிய வேண்டும். ஒரு நாய்கூட ஒரு முறைகூடத் தவறவில்லை! பெர்லின் காவல் துறைக்கு 2009-இல் டி.என்.ஏ. செய்ய முடியாததை ஒரு மூக்கு செய்துவிடுகிறது. இப்போது டி.என்.ஏ.வும் கற்றுக்கொண்டுவிட்டது. ஐஸ்லாந்தில் 2021-இல் வெளியான ஆய்வு, ஒரு கரு இரட்டையருக்குள் கருப்பருவத்தின் ஆரம்பத்திலேயே சராசரியாக 5 மரபணு மாற்றங்கள் வேறுபடுவதாகச் சொல்கிறது. மொத்த டி.என்.ஏ.வையும் எழுத்தெழுத்தாகப் படித்தால் இன்று பிரித்துவிடலாம்.

ஆய்வகம் எதுவும் வேண்டாம், பெற்றவர்களிடம் சில கேள்விகள் கேட்டாலே போதும் என்பது தெரியுமா? சின்ன வயதில் வெளியாட்கள் இருவரையும் குழப்பிக்கொண்டார்களா? பள்ளி ஆசிரியர்? சொந்தக்காரர்கள்? கண், முடி, நிறம் எல்லாம் ஒன்றா? இந்தப் பதில்களை வைத்து இரட்டையர் ஆய்வாளர்கள் சொல்லும் முடிவு நூற்றுக்கு 90-க்கும் மேல் டி.என்.ஏ.வோடு ஒத்துப்போகிறது. "டாக்டர் சொன்னாரே" என்பதைவிட ஆசிரியர் பெயரை மாற்றிக் கூப்பிட்டதுதான் நல்ல சாட்சி!

பிறக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி

தமிழகம் அறிந்த இரட்டையரில் மிகப் புகழ்பெற்றவர்கள் 1887-இல் பிறந்த ஆற்காடு சகோதரர்கள். ஏ.ராமசாமி முதலியார் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவர். ஏ.லட்சுமணசாமி முதலியார் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அந்த லட்சுமணசாமி முதலியாரின் துறை என்ன தெரியுமா? மகப்பேறு! தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் படித்துவரும் பிரசவ மருத்துவ நூலை எழுதியவர் தானே இரட்டையரில் ஒருவர்.

அவர் மருத்துவம் படித்த காலத்தில் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை. இன்று 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஒரு ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. நடுச் சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தில் தடித்த முக்கோணமாக ஆப்பு இறங்கினால் லாம்டா அடையாளம், நஞ்சுக்கொடிகள் இரண்டு. மெல்லிய சவ்வு நேராகச் செங்குத்தாக வந்து நின்றால் 'டி' அடையாளம், நஞ்சுக்கொடி ஒன்று. மாதம் ஏற ஏற இந்த அடையாளம் மங்கிவிடும். ஏழாம் மாதத்தில் போய்க் கேட்டால் உறுதியாகச் சொல்வது கடினம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் ஜோடிகளில் நூற்றுக்கு 10 முதல் 15-இல் ரத்தக்குழாய்கள் வழியாக ஒரு சிசுவின் ரத்தம் மற்றதற்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒன்று நீரில்லாமல் ஒடுங்கும், இன்னொன்று நீர் பெருகி இதயம் திணறும். கண்டுகொள்ளாவிட்டால் இரண்டையுமே இழக்க நேரலாம். வேளையோடு பிடித்துவிட்டால் கருப்பைக்குள்ளேயே லேசர் கொண்டு அந்தக் குழாய்களை அடைத்துக் காப்பாற்ற வழி இருக்கிறது. அதனால்தான் இவர்களுக்கு 16-ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். நஞ்சுக்கொடி இரண்டென்றால் நான்கு வாரத்துக்கு ஒன்று போதும்.

பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று கேட்பது நம் நாட்டில் குற்றம். நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று கேட்பது தாயின் உரிமை. உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ யாருக்காவது ஸ்கேனில் இரட்டை என்று தெரிந்தால், 14 வாரம் முடிவதற்குள் அந்த ஒரு கேள்வியை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பதிலை ஸ்கேன் அறிக்கையில் எழுதி வாங்கி, பிரசவம் வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.